ஜப்பானுக்கு ஆகாத முகவரி

கன்டெய்னர் கதவைச் சாத்தி சீல் போட்டு முடித்ததும் அண்ணாச்சி அதன் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். சந்தைக்குக் கிளம்பும் மாட்டை முதுகில் தட்டி அனுப்புகிற மாதிரி இருக்கும். போகிறவர்களை "போயிட்டு வா" என்று அனுப்புவதுதானே வழக்கம். அவர் கன்டெய்னரிடம் அப்படிச் சொல்லமாட்டார். "போ, போன எடத்துலயே இரு" என்பார். ஏற்றுமதிக்குப் போன சரக்கு திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் அவர். டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பான். லாரி எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறி, துறைமுகத்துக்கு உள்ளே போகக் காத்திருக்கும் வரிசையில் போய் நிற்கும். அண்ணாச்சி கேட்டிலேயே நின்று, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

திருவொற்றியூரில், விம்கோ நகரைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது அவருடைய இறால் பதப்படுத்தும் தொழிற்சாலை. கல்யாணம் ஆவதற்கு முன்பே நான் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஏற்றுமதிக்கு வேண்டிய தாள்களைத் தயாரிப்பது என் வேலை. எங்கள் வீடு ராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கன்டெய்னர்கள் வந்து மூட்டைகளுக்கு வேலையில்லாமல் போனபோது அவருக்கும் வேலையில்லாமல் போயிற்று. அதே கன்டெய்னர்களுக்குத் தாள் தயாரித்து அவருடைய மகள் சம்பாதிப்பதை அவர் கடைசிவரை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தார்.

அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். கருவாட்டு வியாபாரத்துக்காகக் காசிமேட்டுக்கு வந்த குடும்பம். முதலில் கொழும்புக்குக் கருவாடு அனுப்பினார்கள். அங்கே சண்டை முற்றி வியாபாரம் படுத்ததும் அவர் மீனை ஐஸில் வைத்து சிங்கப்பூருக்கு அனுப்பினார். அதற்குப் பெரிய ஆட்கள் போட்டிக்கு வந்ததும் உறைய வைத்த இறாலுக்கு மாறினார், ஐரோப்பாவுக்கு. இந்த மாற்றங்களையெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்வார். "ரோடு தெச மாறிட்டுன்னா நாம கட வாசல மாத்தி வச்சிக்கிடணும் யம்மா. ரோட்ட நின்னு ஏசிட்டு இருக்கக் கூடாது." என்னை அவர் 'யம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

நான் சேர்ந்த புதிதில் ஐரோப்பாவுக்குப் போன ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தது. இறாலில் ஏதோ மருந்தின் எச்சம் இருந்ததாம். குளத்தில் இறால் வளர்க்கிறவர்கள் நோய்க்குப் போடுகிற மருந்து. திரும்பி வந்த சரக்கைக் குழி வெட்டிப் புதைத்தோம். அந்தக் குழிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமே தொழிற்சாலைக்குள் ஒரு சோதனைக்கூடம் கட்டினார். பொன்னேரிப் பக்கம் சின்னச் சின்னக் குளம் வைத்திருந்தவர்களிடம் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு குளத்தையும் கண்காணிக்க முடியாது, ஆந்திராவில் பெரிய பண்ணைகளிடம் வாங்கினால் ஒரே சோதனையில் முடியும் என்பது அவர் கணக்கு. பல வருஷம் அவருக்குச் சரக்குக் கொடுத்த ஒரு குளத்துக்காரர் வந்து எங்கள் வரவேற்பறையில் காலை முதல் மதியம்வரை காத்திருந்தார். அண்ணாச்சி பின்பக்கமாக வெளியே போய்விட்டார். அப்போது எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. நிறுவனம் பிழைத்தது, எங்கள் சம்பளமும் பிழைத்தது. ஒவ்வொரு முறை அவர் வாசலை மாற்றி வைத்தபோதும் பழைய வாசலில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

இறால் உரிக்கும் கூடத்தை நாங்கள் பீலிங் ஷெட் என்போம். அதை நடத்தியவர் மேஸ்திரியம்மா. ஊர் எண்ணூர் முகத்துவாரக்குப்பம். ஒரு காலத்தில் அவரும் அவர் மாமியாரும் முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்தவர்கள். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் படிந்து இறால் அற்றுப்போனதும், பிடித்த கை உரிக்கப் போயிற்று. தன் குப்பத்திலிருந்து பெண்களை அவரே கூட்டிவந்து சேர்த்தார். ஐஸ் தண்ணீரில் நாளெல்லாம் கை வைத்திருக்க வேண்டும். விரல் நுனிகள் வெளுத்து, சுருங்கி, ஊசியால் குத்தினாலும் தெரியாத அளவுக்கு மரத்துப்போகும். அண்ணாச்சியை நீ, வா, போ என்று பேசியது எங்கள் தொழிற்சாலையிலேயே மேஸ்திரியம்மா ஒருவர்தான். காசிமேட்டில் ஒரு கொட்டகையில் தொழில் நடந்த காலத்திலிருந்து உடன் இருந்தவர் என்பதால் அண்ணாச்சியும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

பிறகு அமெரிக்க வருஷங்கள் வந்தன. ஆந்திரக் குளங்களில் புது வகை வெள்ளை இறால் மலிவாக விளைந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய இறக்குமதிக்காரர் எங்கள் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஐரோப்பாக்காரர்கள் கேட்டபோது இல்லையென்று சொல்ல வேண்டி வந்தது. கூடம் இரண்டு மடங்காயிற்று, புதுக் குளிர்கிடங்கு வந்தது. ஒருமுறை அண்ணாச்சியிடம் கேட்டேன், எல்லாவற்றையும் ஒரே ஆளுக்கு விற்கிறோமே என்று. "பயமாத்தான் இருக்கு யம்மா. ஆனா நல்லாவும் இருக்கு பாத்துக்கோ. வயசு ஆவுது. இன்னொரு மட்டம் வாசல மாத்த முடியுமான்னு தெரியல" என்றார்.

அடுத்த சில வருஷங்களில் ஒவ்வொன்றாகக் கெட்டது. தென் அமெரிக்காவிலிருந்து இன்னும் மலிவான இறால் வந்தது. செங்கடலில் தாக்குதல்கள் நடந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக, கப்பல் கட்டணம் ஏறியது. அதையெல்லாம் எப்படியோ சமாளித்தோம். கடைசியில்தான் வரி வந்தது. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை உயர்த்திய செய்தியை நாங்கள் எல்லோரையும் போலத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். எங்களுடைய கன்டெய்னர்கள் சில அப்போது நடுக்கடலில் இருந்தன. பழைய வரியில் கிளம்பியவை, போய்ச் சேரும்போது புது வரி. அதை யார் கட்டுவது? அமெரிக்காக்காரர் போனில் மிகவும் மரியாதையாகப் பேசினார். குடும்பத்தை விசாரித்தார். வரியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் சரக்கை எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம் என்றார். போனை வைத்த அண்ணாச்சி, "நம்மள வேண்டாம்னு சொல்லுததுக்கு எவ்வளவு நல்லாப் பேசுதான் பாரு" என்றார்.

கூடத்தில் பாதி மேஜைகள் காலியாயின. பெண்களை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னோம். வரச் சொல்லாத நாளிலும் சிலர் கேட்டுக்கு வந்து, வேலை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அண்ணாச்சிக்கும் அவருடைய மாப்பிள்ளைக்கும் அந்தப் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து கணக்கையும் வங்கியையும் பார்த்துக்கொண்டிருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. குளங்கள் ஆந்திராவில் இருக்கும்போது இறாலை லாரியில் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்து உரிப்பது வீண்செலவு, நெல்லூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலை விலைக்கு வருகிறது, அங்கே போய்விடலாம், உரிப்பதற்கு இயந்திரம் வைத்துவிடலாம் என்றார்.

"அப்ப பொம்பளையாளுவ?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"மாமா, இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா, பொம்பளையாளுவ மட்டுமில்ல, நாமளும் இருக்க மாட்டோம்."

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு யோசனை இருந்தது. ஜப்பான்காரர்கள் மாவில் தோய்த்துப் பொரிப்பதற்கென்று ஒருவகை இறால் வாங்குகிறார்கள். உரித்த இறாலின் வயிற்றுப் பக்கம் லேசாகக் கீறி, மெதுவாக அழுத்தி, வளைவை எடுத்து, விரல் மாதிரி நேராக நீட்டி அடுக்க வேண்டும். கீறல் ஒரு மயிரிழை ஆழமானால் ஒடிந்துவிடும், குறைந்தால் பொரிக்கும்போது சுருண்டுவிடும். அது கைவேலை. மலிவு இறாலோடு மோதாமல், கைவேலையை விற்றால் ஆட்களையும் வைத்துக்கொள்ளலாம், வியாபாரத்தையும் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாப்பிள்ளை அரைமனதாகச் சம்மதித்தார்.

அந்த இரண்டு மூன்று மாதங்களைத்தான் என் வேலைக்காலத்தின் நல்ல நாட்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. கொச்சியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். முதல் வாரம் கூடை கூடையாக இறால் ஒடிந்தது. மேஸ்திரியம்மா சலித்துக்கொண்டார். "இன்னா அண்ணாச்சி, ஆண்டவன் வளைச்சி வச்சத்த நிமித்துன்னு சொல்றான். ஜப்பான்காரனுக்கு வேற வேலயே இல்லியா?" ஆனால் இரண்டாவது வாரம் அவருக்குக் கை பிடிபட்டுவிட்டது. மூன்றாவது வாரம் மற்றவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தட்டில் நேர்நேராகப் படுத்திருந்த இறால்களைப் பெண்கள் வீட்டுக்குப் போகுமுன் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மாதிரிச் சரக்கு ஜப்பானுக்குப் போனது. நன்றாக இருக்கிறது, தொழிற்சாலையைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. அன்று அண்ணாச்சி கூடத்துக்கே லட்டுப் பெட்டியோடு வந்தார். கூடத்துக்குள் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று மேஸ்திரியம்மா அவரை வெளியே துரத்திவிட்டார்.

ஜப்பானிலிருந்து வந்தவர் நடுத்தர வயதுக்காரர், மெலிந்தவர், யாரைப் பார்த்தாலும் குனிந்து வணங்கினார். பேசியதை மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண் கூட வந்திருந்தாள். அவர் காலையிலிருந்து மதியம்வரை கூடத்திலேயே இருந்தார். மேஸ்திரியம்மாவின் மேஜைக்கு எதிரில் நெடுநேரம் நின்றார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு தானும் ஒரு இறாலை நீட்டிப் பார்த்தார். அது ஒடிந்தது. அவர் சிரித்தார், கூடமே சிரித்தது. மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். "இந்த மாதிரிக் கைகள் எங்கள் ஊரிலேயே இப்போது அதிகம் இல்லை என்கிறார்" என்று அவள் சொன்னாள். மேஸ்திரியம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை நிறைந்திருந்தன.

சோதனைக்கூடம், தண்ணீர் சுத்திகரிப்பு, குளிர்கிடங்கு எல்லாம் பார்த்து முடித்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு அவர் முற்றத்துக்கு வந்தார். கார் நிற்கிற இடத்துக்கு நாங்கள் பேசிக்கொண்டே நடந்தோம். காற்று மணலி ரசாயன ஆலைகள் பக்கமிருந்து திரும்பியிருந்தது. அவர் சட்டென்று நின்று, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். கண்களில் நீர் கட்டியது. மொழிபெயர்ப்புப் பெண்ணும் இருமினாள். இது என்ன வாடை என்று அவர் கேட்டார். அவர் கைக்குட்டையை எடுத்த பிறகுதான் எனக்கே அந்த வாடை தெரிந்தது. அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும் கலந்தது போல ஒன்று. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருந்திருக்கிறேன். அண்ணாச்சி, கூடம் முழுக்கக் காற்றுப் புகாமல் அடைத்திருக்கிறது, உள்ளே வருகிற காற்றை வடிகட்டித்தான் விடுகிறோம் என்று விளக்கினார். அது உண்மையும்கூட. ஜப்பான்காரர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். சுற்றிலும் தெரிந்த புகைபோக்கிகளைக் கைபேசியில் படம் எடுத்தார். குனிந்து வணங்கி காரில் ஏறினார்.

சில நாள் கழித்து அந்த மொழிபெயர்ப்புப் பெண் எனக்குப் போன் செய்தாள். முடிவை வரிவரியாகச் சொன்னாள். சரக்கில் குறையில்லை, வேலையில் குறையில்லை, சுத்தத்தில் குறையில்லை. ஆனால் தொழிற்சாலை இருக்கிற இடத்தை அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாளை இந்த வட்டாரத்தைப் பற்றி ஒரு செய்தி வெளியே வந்தாலும் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். இதே வேலையை வேறு ஊரில் செய்து கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்வார்கள்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "வேலையில குத்தம் எதுவும் சொல்லலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லியிருக்கலாம். குத்தம்னா திருத்திப்போடலாம்" என்றார். மேஜை மேல் இருந்த எங்கள் நிறுவனத்து உறை ஒன்றை எடுத்தார். அதில் அச்சடித்திருந்த முகவரியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பெண்களிடம் தானே சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார். நானும் போனேன். கைகளை ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்து, எல்லோரும் நின்றார்கள்.

"இன்னா அண்ணாச்சி, பெயிலா?" என்று மேஸ்திரியம்மா கேட்டார்.

"நீங்க எல்லாம் பாஸு மேஸ்திரி. எடந்தான் பெயிலு."

"எடம்னா?"

"இங்க அடிக்க காத்து. புகை. அவிய சாப்பிடுத சாமான் இந்த ஏரியாவுலருந்து வந்ததுன்னு தெரிஞ்சா யாரும் வாங்க மாட்டாவளாம்."

யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மேஸ்திரியம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். கூடத்துக்குள் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"இங்க கொஞ்ச நேரம் வந்து போற இறாலுக்கு இந்தக் காத்து ஆவாதாம். நாங்க பொறந்ததுலேர்ந்து இத்தத்தான் இஸ்துகினு கீறோம். எங்களுக்கு ஆவுதா அண்ணாச்சி? எங்க புள்ளைங்களுக்கு ஆவுதா? அத்த பாக்க எந்த நாட்டுக்காரனாச்சும் வந்தானா?"

அண்ணாச்சி தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ நாட்டு வியாபாரிகளுக்கு உடனுக்குடன் பதில் சொன்ன மனிதர் அவர்.

அதன் பிறகு மாப்பிள்ளை சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. நெல்லூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை கைக்கு வந்தது. வர விரும்புகிறவர்களுக்கு வேலையும் தங்க விடுதியும் உண்டு என்று அறிவித்தோம். கல்யாணமாகாத சில பெண்கள் போனார்கள். வீட்டில் கணவனும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் படுத்துக் கிடக்கும் மாமியாரும் இருக்கிறவள் எங்கே போவாள்? போக முடியாதவர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியதை அண்ணாச்சி கொடுத்தார், அதற்கு மேலும் கொடுத்தார். யாரும் சண்டை போடவில்லை. கேட்டை மறித்து உட்காருவார்கள் என்று மாப்பிள்ளை போலீசுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதற்கு அவசியமே வரவில்லை. எஃகு மேஜைகள் பெரிய வாசல் வழியாகக்கூட வெளியே வராததால் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் காயலான் கடைக்குப் போட்டார்கள். வெட்டும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

புது இடத்தில் ஒரிசாவிலிருந்து காண்டிராக்டில் வந்த பெண்களுக்கு இறால் நீட்டும் வேலை தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டார். அண்ணாச்சி மேஸ்திரியம்மாவிடம் கேட்டார். அவர் போவார் என்று நான் நினைக்கவில்லை. போனார். பாஷை தெரியாத பெண்களின் கையைத் தன் கைக்குள் வைத்துப் பிடித்து, எவ்வளவு ஆழம், எவ்வளவு அழுத்தம் என்று கற்றுக்கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். ஏன் போனீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "அந்தாளு கேட்டுச்சி. அதுக்கு மேல இன்னா கீது பாப்பா" என்றார்.

அண்ணாச்சி நெல்லூருக்குப் போகவில்லை. மனைவியின் கல்லறை காசிமேட்டில் இருந்தது, அதைவிட்டு வரமாட்டேன் என்றார். "அங்க போயி நான் தெலுங்குல யார ஏச?" என்று சிரித்தார். சரக்கு சென்னைத் துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டியிருந்ததால், தாள் வேலைக்கென்று ராயபுரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தை வைத்துக்கொண்டோம். நானும் இன்னொரு பையனும் இருந்தோம். அண்ணாச்சி தினமும் வந்து ஒரு மூலையில் உட்காருவார். ஜப்பான் ஆர்டர் கிடைத்துவிட்டது. பிறகு கொரியா, வளைகுடா என்று விரிந்தது. இன்று அந்த நிறுவனத்தைப் பற்றி வர்த்தகப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். வரிப் புயலில் நிலைத்து நின்ற நிறுவனம் என்று மாப்பிள்ளையின் படத்தைப் போடுகிறார்கள். எழுதுவது பொய் இல்லை. திருவொற்றியூர்ச் சொத்து இப்போது காலிக் கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் இடம். நெல்லூரிலிருந்து வரும் லாரிகள் இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் நின்று நின்று துறைமுகம் போகின்றன. அதே புகை, அதே காற்று. இறால் மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

அண்ணாச்சிக்கு மூச்சிரைப்பு வந்தது நெல்லூரில் வேலை தொடங்கிய சமயத்தில்தான். அவர் பீடி சிகரெட்டைத் தொட்டதில்லை. நுரையீரல் கெட்டிருக்கிறது, இந்த வட்டாரத்தை விட்டு எங்காவது போய் இருங்கள் என்று டாக்டர் சொன்னார். அதை என்னிடம் சொல்லும்போது, "எனக்கும் எடந்தான் பெயிலாம் யம்மா" என்றார்.

ஒருநாள் காலையில் மேஸ்திரியம்மா ராயபுரம் அலுவலகத்துக்கு வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். இளைத்திருந்தார். நிலையான வேலை எதுவும் இல்லை, கிடைக்கிற நாளில் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன் என்றார். மகள் கல்லூரியில் வேதியியல் முடித்திருக்கிறாள். நெல்லூர்ச் சோதனைக்கூடத்தில் ஒரு வேலை போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு தயங்குத?" என்று சொல்லிவிட்டு அப்போதே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். சத்தம் சரியாகக் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் எப்போதும் பேசுவார்.

மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். "மாமா, லேப் வேலைய வெளி ஏஜென்சிகிட்ட விட்டாச்சு. நமக்குன்னு அதுல ஆளே இல்ல."

"நான் கேக்கேன் மாப்ள."

"தெரியுது மாமா. நாளைக்கு அமெரிக்கா வரிய மாத்துவான், ஜப்பான் விலைய மாத்துவான். அதனால நிரந்தரமா ஒரு ஆளக்கூட இப்ப எடுக்கதில்ல. சாமான் குறைஞ்சா ஆளும் குறையணும், அப்பத்தான் நிக்க முடியும். நீங்க நடத்துனதப் பாத்துத்தான் மாமா நான் இதக் கத்துக்கிட்டேன்."

அண்ணாச்சி போனை வைத்தார். அவர் மேஸ்திரியம்மாவைப் பார்க்காமல், "எம் மேல கோவமா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"கோவந்தான். இல்லன்னு சொன்னா நீ நம்புவியா?" என்றார் மேஸ்திரியம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா யார்கிட்ட போயி கேக்கறது, சொல்லு. அமெரிக்காக்காரன் மூஞ்ச நான் பாத்ததில்ல. அந்த ஜப்பான்காரன் ஒரு நாளு வந்தான், பூட்டான். ஒம் மருமவன் போன்ல கீறான். என் கைக்கு எட்டற தூரத்துல நீ ஒர்த்தன்தான் கீற. அதான் ஒன்னாண்ட வந்தேன்."

அண்ணாச்சி எழுந்து, பேருந்து நிறுத்தம்வரை கூட வருகிறேன் என்றார். தெருமுனைகூடப் போக முடியவில்லை. மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அலுவலக வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சாலையில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

மழைக்காலம் வருவதற்குள் அண்ணாச்சி போய்விட்டார். கடைசி நாட்களில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அடக்கத்துக்கு மாப்பிள்ளை நெல்லூரிலிருந்து வந்தார். பிள்ளை மாதிரி அழுதார், அது நடிப்பு இல்லை. முகத்துவாரக்குப்பத்துப் பெண்கள் மொத்தமாக ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜெபம் தெரியாததால் வாயை மட்டும் அசைத்தார்கள்.

நெல்லூர்த் தொழிற்சாலையில் அன்று வேலை நிறுத்தப்படவில்லை. ஜப்பானுக்குப் போகவேண்டிய ஒரு கன்டெய்னர் அன்று கப்பலேற வேண்டும். தவறினால் அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம். துறைமுகத்திலிருந்து என் கைபேசிக்கு அழைப்பு மேல் அழைப்பு வந்துகொண்டிருந்தது. ஒரு சான்றிதழில் எடை மாறியிருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாக ஒதுங்கி நின்று, கைபேசியிலேயே அதைத் திருத்தி அனுப்பினேன். அண்ணாச்சி இருந்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். கன்டெய்னரை ஏற்றிவிட்டோம் என்று துறைமுகத்திலிருந்து பதில் வந்ததும் உள்ளே போனபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மேஸ்திரியம்மா மட்டும் நின்றிருந்தார்.

"எங்க பாப்பா பூட்ட?" என்று கேட்டார்.

"ஜப்பான் கன்டெய்னர். தாள்ல ஒரு சிக்கல்" என்றேன்.

அவர் குழிமேட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏறிடிச்சா?"

ஏறிவிட்டது என்றேன்.